வாசிக்கத் தடுமாறும் குழந்தைக்குத் தமிழ் வாசிப்பு

தமிழ் வாசிப்பில் பின்தங்கிய குழந்தையை 247 எழுத்து அட்டவணையின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அதனால் பலன் குறைவு. 'க, கா, கி, கீ' என்று ராகம் போட்டு ஒப்பிக்கும் குழந்தை, 'கே'யைத் தனியாகக் காட்டினால் விழிக்கிறது. வரிசை மனப்பாடமாகியிருக்கிறது, எழுத்து பிடிபடவில்லை. எந்த இடத்தில் சிக்கல் என்று கண்டு, அங்கிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் பார்வையையும் செவித்திறனையும் பரிசோதித்துவிடுவது நல்லது. பிறகு குழந்தைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் ஏசர் (ASER) ஆய்வில் உள்ளதுபோல, கலைத்துப்போட்ட எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை ஆகியவற்றைத் தனித்தனித் தாளில் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். எந்தப் படி வரை சிரமமின்றி வாசிக்கிறதோ, அதற்கு அடுத்த படியே பாடத்தின் தொடக்கம். ஐந்தாம் வகுப்பில் படித்தாலும் சொல் வாசிக்க வராத குழந்தைக்குச் சொல்தான் பாடம்.

எழுத்துப் படியில் நிற்கும் குழந்தைக்குக் காது முதலில் பழக வேண்டும். 'கல்' என்ற சொல்லில் 'க'வை எடுத்துவிட்டுப் 'ப' போட்டால் என்ன வரும் என்று வாய்மொழியாகவே கேட்கலாம். அடுத்து ட, ப, ம என்ற மூன்று எழுத்துகளும் புள்ளியும் போதும்: படம், மடம், பட்டம், மட்டம். முதல் நாளே சொல் வாசித்துவிட்ட குழந்தைக்கு வரும் தெம்பை எந்த அட்டவணையும் தராது. 'ம'வுக்கும் 'ம்'முக்கும் உள்ள வேறுபாடு உறுதியான பிறகு ர, க, ல சேர்த்தால் மரம், கடல், பகல் வந்துவிடும்.

பெரும்பாலான தடுமாற்றம் உயிர்மெய்க் குறிகளில்தான். துணைக்கால் எளிது, படம், பாடம் என்று இணையாகக் காட்டினால் ஒலி நீள்வது புரியும். கொம்புகள் அப்படியல்ல. 'பெ', 'பே', 'பை' ஆகியவற்றில் குறி முன்னால் நிற்க, அதன் ஒலி பின்னால் வருகிறது; 'பொ', 'போ' இரண்டிலும் குறி எழுத்தை இருபுறமும் சூழ்கிறது. இடமிருந்து வலமாக வாசிக்கும் குழந்தை இங்கே திகைப்பது இயல்பு. மெய்யெழுத்துக்கு ஓர் அட்டை, குறிகளுக்குத் தனி அட்டைகள் செய்து, குழந்தையே நகர்த்திச் சேர்த்து ஒலிக்கட்டும். பெய் – பேய், கொடு – கோடு போன்ற இணைகளில் குறில், நெடில் மாறினால் பொருளே மாறுவதைக் காட்டலாம். உகர, ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுபவை (கு, சு, து, கூ, சூ, தூ). அவற்றைப் பசு, பத்து, கூடு, தூண் என்று சொற்களின் வழியே, சிறிது சிறிதாகப் பழக்குவதே நல்லது. 'ஙு', 'ஙூ' போன்று அன்றாடச் சொற்களில் வராத எழுத்துகளுக்கு இப்போது நேரம் செலவிட வேண்டியதில்லை.

'பகல்', 'தங்கம்' இரண்டிலும் 'க' வெவ்வேறாக ஒலிக்கிறது. இதற்கு விதி சொல்லத் தேவையில்லை. தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு என்று ஒருசேர வாசித்தால் காதே பிடித்துக்கொள்ளும். வீட்டுப் பேச்சின் சாயலில் 'ழ'வை 'ள' என்று ஒலிப்பதை வாசிப்புப் பிழையாகக் கருதக்கூடாது.

சொல் வந்தபின் நீண்ட சொற்கள் மிரட்டும். 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' என்பதை விரலால் மறைத்து, பகுதி பகுதியாகத் திறந்து காட்டலாம். குழந்தை பேசுவது 'மழ வந்துச்சு'. புத்தகத்தில் இருப்பது 'மழை வந்தது'. குழந்தை சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி வாசிக்கவைத்து, பக்கத்தில் புத்தக வடிவத்தை எழுதினால் இந்த இடைவெளி குறையும்.

பத்தி வாசிப்புக்கு ஒரே பகுதியைச் சில நாள்கள் திரும்ப வாசிப்பது நல்ல பயிற்சி. முதலில் பெரியவர் விரல் வைத்து வாசிக்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து. கடைசியில் குழந்தை தனியாக. ஒரு சொல்லில் நின்றால் சில நொடிகள் பொறுத்து, வராவிட்டால் சொல்லைச் சொல்லிக்கொடுத்து, வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லலாம். மற்ற பிள்ளைகள் முன்னால் நிறுத்தி வாசிக்கவைப்பது கூடவே கூடாது. அந்த அவமானம் புத்தகத்தையே வெறுக்கச் செய்யும். முடித்ததும் கதையைச் சொந்த வார்த்தையில் சொல்லக் கேட்டால் பொருள் புரிந்ததா என்பது தெரியும். தினமும் இருபது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிட மேல். வயதில் மூத்த குழந்தைக்குப் பேருந்துப் பலகை, கடைப் பெயர், கிரிக்கெட் செய்தி ஆகியவை நல்ல பாடங்கள்.

சில மாதங்கள் இடைவிடாமல் இப்படிப் பயிற்றுவித்தும் எழுத்து நினைவில் நிற்கவில்லை என்றால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கலாம். உளவியலாளர் அல்லது சிறப்பாசிரியரிடம் மதிப்பீடு செய்வதைத் தள்ளிப்போடக்கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் பெற்ற குழந்தைக்குத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைப் பள்ளி வழியே கேட்டுப் பெறலாம்.