பூட் ஆகும்போதே வேலை முடியட்டும்

கேள்வி: அமேசான் கிளவுடில் ஒவ்வொரு புது சர்வரிலும் என்ஜின்எக்ஸ், யூசர் எல்லாம் கையால் போட்டு அலுத்துவிட்டது. வழி உண்டா?

பதில்: உண்டு. சர்வர் உருவாக்கும் பக்கத்தின் அடியில் ‘யூசர் டேட்டா’ என்றொரு பெட்டி ஒளிந்திருக்கும். அதில் ஸ்கிரிப்டை ஒட்டுங்கள். உபுண்டுவோடு வரும் கிளவுட்-இனிட், முதல் பூட்டில் அதை ரூட்டாக ஓட்டிவிடும். ஏபிஐ வழியாக சர்வர் கேட்டாலும் கூடவே அனுப்பலாம். 16 கேபிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆப்ட் இன்ஸ்டால் வரியில் ‘ஒய்’ குறியை மறக்காதீர்கள். அங்கே ‘ஆம்’ என்று தட்ட ஆள் கிடையாது. நான் ஒரு முழு மாலையைத் தொலைத்தது இதில்தான்.

பாஸ்வேர்டை மட்டும் அங்கே எழுதவே கூடாது. சர்வருக்குள் ஓடும் எந்த நிரலும் 169.254.169.254 முகவரியில் கேட்டு அதைப் படித்துவிடலாம்.