அரசுப் பள்ளிக் கட்டடம் கட்டப் போகிறீர்களா? புதிய ஒப்பந்ததாரருக்கு முழுமையான வழிகாட்டி

ஐந்தாறு வீடுகளைச் சொந்தமாக எடுத்துக் கட்டி முடித்த இன்ஜினீயருக்கு அடுத்த ஆசை அரசு வேலை. அதிலும் பள்ளிக் கட்டடம் என்றால் கை வைக்கத் தைரியம் வரும். சாலை, பாலம் போல லட்சக்கணக்கில் இயந்திரம் வாங்க வேண்டாம், வேலையும் ஏறக்குறைய பழகிய வேலைதான். வேலைக்கும் பஞ்சமில்லை. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு மட்டும் ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று தமிழக அரசு 2022 பட்ஜெட்டில் அறிவித்தது.

ஆனால் வீட்டு வேலையில் வீட்டுக்காரருக்குப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது. இங்கே சட்டம், விதி, படம், அளவுப் புத்தகம் என்று நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் சைட்டில் அல்ல. டெண்டர் ஆவணத்தைப் படிக்காமல் ரேட் போடுவதில்தான். அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம்.

படி 1: வேலை யாருடையது?

எல்லா அரசுப் பள்ளியையும் பொதுப்பணித் துறையே கட்டுகிறது என்று நினைக்காதீர்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக் கட்டடங்கள் பெரும்பாலும் நபார்டு கடனுதவியோடு பொதுப்பணித் துறை வழியாக வரும். ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் ஊரக வளர்ச்சித் துறையிடம். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளை அந்தந்த அமைப்பின் பொறியியல் பிரிவே பார்த்துக்கொள்ளும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் தாட்கோ இருக்கிறது. எந்த அலுவலகத்தின் வேலையோ அந்த அலுவலகத்தின் ஒப்பந்தப் படிவம், பில் நடைமுறை, பிடித்தம். ஒன்றில் பழகியதை இன்னொன்றில் எதிர்பார்க்கக் கூடாது.

வடிவமைப்பு யார் பொறுப்பு என்பதும் இங்கேயே தெளிவாக வேண்டும். வழக்கமான பள்ளி வேலைகளில் கட்டட வரைபடமும் கம்பி விவரப் படமும் துறையே தரும், நீங்கள் கட்டுகிறீர்கள். வடிவமைத்துக் கட்டும் வகை ஒப்பந்தம் பெரிய வேலைகளில்தான் வரும். அதில் கணக்கீடு உங்களுடையது, ஒப்புதல் அவர்களுடையது. முதல் வகையில் ஒரு ஜன்னலை அரை அடி தள்ளி வைக்கக்கூட உங்களுக்கு அதிகாரம் கிடையாது. தலைமை ஆசிரியர் கேட்டார், ஊர்ப் பெரியவர் சொன்னார் என்று மாற்றினால் பணம் வராது. எழுத்தில் உத்தரவு வாங்கிக்கொண்டு மாற்றுங்கள்.

படி 2: பதிவு

பொதுப்பணித் துறையில் ஒப்பந்ததாரர்கள் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். எந்த வகுப்போ அந்த மதிப்பு வரைதான் டெண்டர் போடலாம். பான், ஜிஎஸ்டி பதிவு, வருமான வரிக் கணக்கு, தாசில்தாரிடமோ வங்கியிடமோ வாங்கிய சால்வென்சி சான்று, முன்பு செய்த வேலைகளுக்கான அனுபவச் சான்று, தொழில்நுட்ப ஆட்களின் விவரம் ஆகியவை கேட்கப்படும். சின்ன வகுப்பில் தொடங்கி, முடித்த வேலைக்கெல்லாம் சான்று வாங்கி வைத்துக்கொண்டே ஏறுவதுதான் வழி. அனுபவச் சான்றை இரண்டு வருடம் கழித்துக் கேட்கப் போனால் கையெழுத்துப் போட்ட அதிகாரி வேறு மாவட்டத்தில் இருப்பார்.

படி 3: டெண்டர் சட்டம், சுருக்கமாக

எல்லாவற்றுக்கும் அடிப்படை தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. அதன் விதிகள் 2000-ல் வந்தன. விதிப்படி 2 கோடி ரூபாய் வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் டெண்டர் போட அவகாசம் தர வேண்டும். முன்வைப்புத் தொகை, நாம் எல்லோரும் சொல்கிற இஎம்டி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விலை குறைத்துப் பேசுவது மிகக் குறைந்த விலை போட்டவரிடம் மட்டும்தான். முடிவில் குறை இருந்தால் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். இந்த 10 நாளைப் பலர் புலம்பியே கழித்துவிடுகிறார்கள்.

இப்போது டெண்டர் இணையம் வழியாகத்தான். அதற்கு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு ஆவணங்களை ஏற்ற உட்காராதீர்கள். பெரிய வேலைகளில் இரண்டு உறை முறை இருக்கும். முதல் உறையில் தகுதி, இரண்டாவதில் விலை. ஒரு சான்று காலாவதியாகி இருந்தால்கூட விலை உறையைப் பிரிக்காமலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

கமிஷன் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த வழிகாட்டி முழுமையாகாது. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்திக் கேட்டதால் கொடுக்க நேர்ந்தால் 7 நாளுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால்தான் பாதுகாப்பு. ‘எல்லோரும் கொடுக்கிறார்கள்’ என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

படி 4: ரேட் போடும் முன் கணக்குப் போடுங்கள்

முதல் வேலையைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற வேகத்தில் ‘20 பர்சென்ட் லெஸ்’ என்று போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் நெடுநாளாக இருக்கும் நிபந்தனை இது. மதிப்பீட்டைவிட 5 முதல் 15 சதவீதம் வரை குறைத்துப் போட்டால் 2 சதவீதம் கூடுதல் பிணைத்தொகை கட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால், மதிப்பீட்டுக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கட்ட வேண்டும். ஒரு கோடி ரூபாய் மதிப்பீட்டுக்கு 80 லட்சம் போட்டால் வித்தியாசம் 20 லட்சம், கூடுதல் பிணை 10 லட்சம். ஒரு செங்கல் வாங்கும் முன்பே அந்தப் பத்து லட்சம் முடங்கிவிடும். உங்கள் ஆவணத்தில் என்ன சதவீதம் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அடுத்தது வரி. அரசுக் கட்டட வேலைக்கு 2022 ஜூலை 18 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். இது மதிப்பீட்டில் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா, உங்கள் ரேட்டுக்குள்ளேயே அடக்கமா என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். பில் வராத கடையில் மணலும் ஜல்லியும் வாங்கினால் உள்ளீட்டு வரி கிடைக்காது. மலிவாக வாங்கியது கடைசியில் விலை அதிகமாகிவிடும்.

பில்லில் பிடிப்பதையும் பாருங்கள். 10 லட்ச ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். தனிநபர் ஒப்பந்ததாரர் என்றால் வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம், 10,000 ரூபாய். ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம், 20,000. கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம் உங்கள் தலையில் இருந்தால் 10,000. நிறுத்திவைப்பு 5 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 50,000. ஆக 90,000 போய், கைக்கு வருவது 9,10,000. பிடித்த வரி பின்னால் கணக்கில் ஈடாகும் என்பது சரி. சனிக்கிழமை கூலியை அதைக் காட்டிக் கொடுக்க முடியுமா?

இதோடு சைட்டுக்குப் போய்ப் பாருங்கள். லாரி உள்ளே திரும்புமா, தண்ணீர் இருக்கிறதா, பழைய கட்டடத்தை இடிக்க வேண்டுமா, மண் களிமண்ணா கரிசலா. இடத்தைப் பார்க்காமல் போட்ட ரேட் வெறும் ஊகம்.

படி 5: படத்தில் எதைப் பார்ப்பது?

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒரு பள்ளிக்கு எது எது கட்டாயம் என்று சொல்கிறது. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது, தலைமை ஆசிரியர் அறை, ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சத்துணவுக் கூடம், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி, தடையில்லா நுழைவு. சின்ன வேலைகளில் இந்தக் கடைசி மூன்றும்தான் படத்தில் மங்கலாக இருக்கும்.

சாய்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விதிப்படி 12-க்கு 1 சரிவு. தரைமட்டத்திலிருந்து பேஸ்மென்ட் 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 7.2 மீட்டர் நீளம் வர வேண்டும், கைப்பிடியும் வேண்டும். இடமில்லை என்று பாதி நீளத்தில் முடித்தால் சக்கர நாற்காலி ஏறாது, சறுக்கு மரமாகத்தான் பயன்படும். வேலை தொடங்கும் முன்பே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்து, இடம் போதவில்லை என்றால் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

தேசியக் கட்டட விதித் தொகுப்பு பள்ளி மாடிப்படிக்கு ஒன்றரை மீட்டர் அகலமும், 45 பேருக்கு மேல் கொள்ளும் அறைக்கு இரண்டு வாசலும் கேட்கிறது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பிறகு, பள்ளிக் கட்டடப் பாதுகாப்பு இந்த விதித் தொகுப்பின்படி இருக்க வேண்டும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலநடுக்கக் கணக்கிலும் பள்ளிக்குத் தனி இடம் உண்டு. ஐஎஸ் 1893-ன் 2016 பதிப்பில் சாதாரண வீட்டுக்கு முக்கியத்துவக் காரணி 1, பள்ளிக்கு 1.5. தூணில் வளையக் கம்பி நெருக்கமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘வீட்டுக்கு இவ்வளவு போட்டதில்லையே’ என்று மேஸ்திரி சொன்னால் படத்தைக் காட்டுங்கள்.

படி 6: குழந்தைகள் நடமாடும் இடத்தில் வேலை

ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை விடுமுறை. அஸ்திவாரம், இடிப்பு, குழி தோண்டல் எல்லாவற்றையும் அதற்குள் முடிக்கத் திட்டமிடுங்கள். பணி உத்தரவு ஆகஸ்டில்தான் வரும் என்றால் அதற்கேற்ப முழு உயரத் தகரத் தடுப்புக்கான செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கும் நேரத்திலும் சத்துணவு நேரத்திலும் லாரி உள்ளே வரக் கூடாது.

குழிகளில் மிக ஆபத்தானது கழிவுநீர்த் தொட்டி. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து எல்.கே.ஜி. சிறுமி இறந்தாள். மூடி வார்க்கும் வரை தொட்டியைச் சுற்றித் தடுப்பு, வார்த்த பிறகு குழந்தை தூக்க முடியாத எடை. ‘நாளைக்கு மூடிக்கலாம்’ என்ற பேச்சே சைட்டில் எழக் கூடாது. அதேபோல் கழிப்பறை முன் மறைப்புச் சுவரையும் அலட்சியமாகக் கட்டாதீர்கள். 2021 டிசம்பர் 17-ல் நெல்லையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்கும் அஸ்திவாரம் வேண்டும், முக்கியச் சுவரோடு பிணைப்பு வேண்டும்.

படி 7: கான்கிரீட்

எம்-சாண்ட் வாங்கும்போது பொதுப்பணித் துறையின் தர மதிப்பீட்டுச் சான்று பெற்ற ஆலைதானா என்று கேளுங்கள். கிரஷர் தூளை எம்-சாண்ட் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் மேலே படியும் தூசி பாதிக் கதையைச் சொல்லிவிடும். மீதியைச் சல்லடைச் சோதனை சொல்லும்.

ஐஎஸ் 456-ன்படி 16 முதல் 30 கன மீட்டர் கான்கிரீட்டுக்கு மூன்று மாதிரி, ஒரு மாதிரிக்கு மூன்று கியூப். 18 கன மீட்டரில் ஒரு கூரை போடுகிறீர்கள் என்றால் ஒன்பது கியூப், 28-ம் நாள் சோதனை. கியூபை உதவிப் பொறியாளர் முன்னால் எடுத்து, தேதி கீறி, அவர் கையெழுத்தோடு அனுப்புங்கள். கடைசியில் ஒன்பதையும் ஒரே கலவையிலிருந்து எடுத்துவிடும் பழக்கம் சோதனையின் அர்த்தத்தையே கெடுத்துவிடும்.

கம்பிக்குக் கீழே உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுக்காதீர்கள், கவர் பிளாக் வையுங்கள். கூரைக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40. கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இன்னும் அதிகம், கான்கிரீட் தரமும் உயரும். மேற்பூச்சு உதிர்ந்து கம்பி தெரியும் கூரைகளில் பெரும்பாலானவை கவர் குறைந்தவை, அல்லது சரியாக நீர் விடாதவை.

முட்டுப் பிரிப்பதில் அவசரம் வேண்டாம். நாலரை மீட்டர் வரை இடைவெளி உள்ள கூரைக்கு 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். வகுப்பறை பீம்கள் பல இந்தக் கடைசி வகையில் வரும். சென்ட்ரிங் வாடகை ஏறுகிறதே என்று 12-ம் நாள் பிரித்தால், மிச்சமாகும் வாடகையைவிடப் பழுது பார்க்கும் செலவு அதிகம்.

படி 8: அளவுப் புத்தகமும் பில்லும்

எம்-புக்கில் ஏறாத வேலை செய்யாத வேலைதான். மண்ணுக்குள் போகிற அஸ்திவாரம், கான்கிரீட்டுக்குள் போகிற கம்பி இரண்டையும் மூடும் முன் அளந்து பதியச் சொல்லுங்கள். உதவிப் பொறியாளர் பதிவார், உதவிச் செயற்பொறியாளர் சரிபார்ப்பார், செயற்பொறியாளர் பில்லை அனுமதிப்பார். நீங்கள் கையெழுத்துப் போடும் முன் அளவைக் கூட்டிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. மதிப்பீட்டில் இல்லாத வேலையைச் செய்யச் சொன்னால் உத்தரவும் ரேட்டும் வரும் வரை கை வைக்காதீர்கள்.

பில் தாமதமாகும். இரண்டு பில்லுக்கான முதலீடு கையில் இல்லாமல் இறங்குகிறவர் வட்டிக்காரருக்குத்தான் வேலை செய்கிறார்.

படி 9: ஒப்படைப்பு

சாவியோடு சேர்த்துக் கட்டிய அளவின்படியான படம், கியூப் சோதனை அறிக்கைகள், மின் இணைப்புச் சான்று, மோட்டார் உத்தரவாத அட்டை எல்லாவற்றையும் கொடுத்து, தலைமை ஆசிரியரிடம் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் அந்தத் தேதியிலிருந்தா, துறை தரும் நிறைவுச் சான்றின் தேதியிலிருந்தா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தக் காலத்துக்குள் வரும் ஒவ்வொரு செப்டம்பரிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன், நீங்களே ஆள் அனுப்பி மொட்டை மாடி நீர்ப்போக்கிகளில் அடைத்திருக்கும் இலை, பந்து, காகிதத்தை எடுத்துவிடுங்கள். கூரை ஒழுகுகிறது என்று வருகிற புகார்க் கடிதங்களில் பல அங்கேதான் தொடங்குகின்றன. அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும் வரை உங்கள் நிறுத்திவைப்புத் தொகை வெளியே வராது.