வினைச்சொல்லைத் தொலைக்காதீர்கள்

அச்சகத்தில் புரூஃப் திருத்தியே என் காலம் போயிற்று. கதை எப்படிப் பிறக்கிறது, கவிதை எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள் பிள்ளைகளே. படிப்பவர் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பெரும்பாலும் அது வாக்கியத்தின் வால்.

1. ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அது வரும்வரை படிப்பவர் எல்லாவற்றையும் மனத்தில் சுமந்துகொண்டு காத்திருக்கிறார். 'வந்து', 'பார்த்து', 'சொல்லிவிட்டு' என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம் என்பது நம் மொழியின் பெரிய வசதி. புதிதாக எழுதுபவர் மாட்டிக்கொள்வதும் அதில்தான். இதைப் பாருங்கள்: "கூட்டத்துக்கு வந்த தலைவர், தொண்டர்கள் மாலை போட, மேடையேறிப் பேசிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டு கூட்டம் பாதியில் முடிந்தது." தலைவர் என்ன ஆனார்? முதலில் அவரை நிறுத்திவிட்டு, முடிவில் கூட்டத்துக்கு வினை கொடுத்துவிட்டோம். "தொண்டர்கள் மாலை போட்டார்கள். தலைவர் மேடையேறிப் பேசத் தொடங்கினார். மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் பாதியில் முடிந்தது." இப்போது யாரும் அந்தரத்தில் தொங்கவில்லை.

'வந்து', 'பேசிவிட்டு' போன்ற எச்சத்துக்கு யார் எழுவாயோ, அவரே முடிவில் வரும் வினைக்கும் எழுவாயாக இருப்பது நல்லது. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்கிறோமே என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும். கேட்கட்டும். மழைதான் குளத்தை நிரப்பியது என்பது அங்கே தானாகவே விளங்குகிறது, அதனால் குற்றமில்லை.

2. பன்மைக்குப் பன்மை. 'பறவைகள் பறந்தது' என்று பேசலாம். உரையாடலில் அப்படியே எழுதவும் செய்யலாம். உங்கள் சொந்த நடையில் 'பறந்தன'. 'ஒவ்வொரு மாணவரும் வந்தார்கள்' என்பது தவறு, 'வந்தார்' போதும். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே பத்துச் சொற்கள் புகுந்துவிட்டால்தான் இந்தப் பிழை கண்ணுக்குத் தப்பும். அப்போது நடுவில் இருப்பதை விரலால் மறைத்துவிட்டு முதலையும் முடிவையும் மட்டும் படியுங்கள்.

3. ஒற்று அலங்காரமில்லை. 'கீரை கடை' என்றால் மத்தை எடுக்க வேண்டும்; 'கீரைக்கடை' என்றால் பையை எடுக்க வேண்டும். விதி முழுவதையும் ஒரே நாளில் விழுங்க வேண்டாம். க, ச, த, ப-வில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் மூன்று இடங்களைக் கவனியுங்கள்: 'அந்த, இந்த, எந்த' வந்தால் மிகும், 'ஐ' உருபு வெளிப்படையாக இருந்தால் மிகும், 'கு' உருபு இருந்தாலும் மிகும். அந்தப் பையன், அவனைப் பார், வீட்டுக்குப் போ. அன்றாட ஒற்றுப் பிழைகளில் கணிசமானவை இதிலேயே தீரும். 'படித்துப் பார்' என்பதில் மிகுவது 'வந்து பார்' என்பதில் ஏன் மிகவில்லை என்று தோன்றினால், இலக்கணம் உங்களுக்குப் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குற்றியலுகரப் பாடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. ர-ற, ல-ள-ழ, ந-ன-ண: பழக வேண்டியதுதான், வேறு வழியில்லை. கைப்பேசி நீட்டும் சொல்லை நம்பாதீர்கள். 'பணி'யும் 'பனி'யும் அதற்குச் சரியான சொற்களே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பெரிய கடல். அன்றாட எழுத்துக்கு 1992-இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி கை கொடுக்கும். சொல் இன்றைக்கு எப்படிப் புழங்குகிறது என்று எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு காட்டுகிறது.

5. காற்புள்ளியை மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் தூவாதீர்கள். "நேற்று இறந்த மன்னரின் மகன் வந்தார்" என்றால் மன்னர் இறந்தது நேற்று. "நேற்று, இறந்த மன்னரின் மகன் வந்தார்" என்றால் மகன் வந்தது நேற்று. மன்னர் எப்போதோ போய்விட்டார். காற்புள்ளியின் வேலை இதுதான். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி கிடையாது, படிப்பவரே பிரித்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றவர்கள் அச்சு உரைநடையில் குறிகளை ஒழுங்காகக் கையாண்டு காட்டிய பிறகு நமக்கு அந்தச் சிரமம் இல்லை. கிடைத்த வசதியை வீணாக்குவானேன்?

6. 'மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்பதைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்றால் 'ஆராய்கிறார்கள்' என்றுதானே பொருள்? இன்னொன்றும் உண்டு. 'மரங்கள் வெட்டப்பட்டன' என்று எழுதும்போது வெட்டியவர் தப்பித்துவிடுகிறார். யார் என்று தெரிந்தால் பெயரைச் சொல்லி எழுதுங்கள். தெரியாவிட்டால் போய்க் கேளுங்கள்.

7. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படியுங்கள். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதை எழுதியபோது அவர் எண்பதைக் கடந்தவர், சங்க நூல்களைப் பதிப்பித்தே கண் தேய்ந்த பண்டிதர். நடையில் அந்தப் பாரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தைக் கையால் நகலெடுத்து, வினைமுற்றுகளுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள்.

8. எழுதியதை மறுநாள் உரக்கப் படியுங்கள். வாய் திக்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

9. அடுத்த முறை வரும்போது ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள். பொருள்: ரேஷன் கடையில் கார்டை நீட்டுவதிலிருந்து அரிசி பைக்குள் விழும்வரை என்ன நடக்கிறது. 'மிகவும்', 'அழகான', 'பரிதாபமான' எதுவும் வேண்டாம். எடை போடுபவர் என்ன செய்கிறார், வரிசையில் நிற்பவர் என்ன சொல்கிறார், அவ்வளவுதான். சிவப்புப் பேனா என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டு எழுதுங்கள்.