விடுமுறைப் பயணமும் வீட்டுக் கணக்கும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனான அல்லாஹ்வுக்கே. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.



மே மாத விடுமுறை வந்தால் கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் என்று எந்த ஊரிலும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த வருசம் எங்கே போறோம்?" ஊட்டியா, கொடைக்கானலா, ஏற்காடா என்று வீட்டில் பேச்சு ஓடும். எங்கே போவது என்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், எந்தப் பணத்தில் போகிறோம், திரும்பி வந்த மறுநாள் வீடு எப்படி நடக்கும் என்பதைப் பற்றிப் பேசுகிறோமா? இன்றைய ஜும்ஆவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மார்க்கம் உல்லாசத்தைத் தடுக்கிறதா?

இல்லை. பூமியில் பயணம் செய்து, படைப்பு எப்படித் தொடங்கியது என்று பார்க்கும்படி அல்லாஹ்வே நம்மைத் தூண்டுகிறான் (29:20). இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பிருந்த அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள் (புகாரி 1975). ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதை அபூதாவூதில் காண்கிறோம் (2578). குடும்பத்துக்காகச் செலவிடும் காசுக்கும் நன்மை உண்டு. ஆகவே, வருடம் முழுவதும் வயலிலும் கடையிலும் கம்பெனியிலும் உழைத்தவர் மனைவி மக்களை மூன்று நாள் வெளியூர் அழைத்துப் போவதில் குற்றம் எதுவும் இல்லை. எந்தக் காசில் போகிறோம், எந்த அளவோடு போகிறோம் என்பதுதான் கேள்வி.

கையில் ஒன்றுமில்லாமல் கிளம்பியவர்கள்

யமன் நாட்டைச் சேர்ந்த சிலர் ஹஜ்ஜுக்குக் கிளம்பும்போது பயணத்துக்கு வேண்டிய உணவையோ பொருளையோ எடுத்து வருவதில்லை. கேட்டால், "நாங்கள் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர்கள்" என்பார்கள். மக்காவுக்கு வந்து சேர்ந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். பயணத்துக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளும்படி கட்டளையிட்டு, அதில் சிறந்தது தக்வா என்றும் அறிவிக்கும் வசனம் (2:197) அப்போதுதான் இறங்கியது என்கிறார்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் (புகாரி 1523).

சிந்தித்துப் பாருங்கள் சகோதரர்களே! அவர்கள் போனது ஹஜ்ஜுக்கு. அந்தப் புனிதப் பயணத்துக்கே கணக்குப் பார்க்காமல் கிளம்பக் கூடாது என்றால், பொட்டானிக்கல் கார்டனுக்கும் படகுச் சவாரிக்கும் கணக்குப் பார்க்காமல் கிளம்பலாமா? பிறரிடம் கையேந்தும் நிலை வராமல் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதும் தவக்குலில் சேர்ந்ததே.

முன்யோசனையின் அருமை நம் பகுதி மக்களுக்குப் புதிதல்ல. சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் தென்பெண்ணைத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறது. மழைக்காலத்தில் ஏரியில் தேக்கினால்தான் அதற்குப் பிறகு வயலுக்குத் தண்ணீர். யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தில் செய்ததும் இதுதான். செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். பஞ்சம் வந்த ஏழு ஆண்டுகளும் நாடு பிழைத்தது (12:47-48). ஏரிக்குப் பார்க்கிற கணக்கை நம் சட்டைப் பைக்கும் பார்க்க வேண்டும்.

முதலில் தீர்க்க வேண்டியவை

பயணத்துக்குப் பணம் ஒதுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். தவணை வந்துவிட்ட கடன் பாக்கி இருக்கிறதா? ஜூன் மாதத்தில் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகத்துக்கு வழி இருக்கிறதா? வீட்டில் இருக்கும் பெற்றோரின் மருந்துக்கும் மாதச் செலவுக்கும் எடுத்து வைத்தாயிற்றா? ஜகாத் நிறைவேறியதா?

ஜகாத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டூருக்கென்று ஒதுக்கிய பணமும் உங்கள் சொத்துதான். கையிருப்பு நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைவடைந்தால், அந்தப் பணத்துக்கும் இரண்டரை சதவீதம் உண்டு; 40,000 ரூபாய்க்கு 1,000 ரூபாய். அது ஏழையின் பங்கு. அதை வைத்துக்கொண்டு மலைக்குப் போவது யாருடைய காசில் போவது?

ஒரு தாளில் எழுதுங்கள்

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய் என ஐந்து பேர் கரியமாணிக்கத்திலிருந்து ஊட்டிக்குப் போய் இரண்டு இரவு தங்கி வருவதாக வைத்துக்கொள்வோம். போகும் தூரமே ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்குத்தான். நீங்கள் விசாரித்து உங்கள் தொகையை எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி வாடகை, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங்: ரூ.18,000
இரண்டு அறை, இரண்டு இரவு: ரூ.8,000
சாப்பாடு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ரூ.400 வீதம் மூன்று நாள்: ரூ.6,000
நுழைவுச் சீட்டு, படகு: ரூ.3,000
பிள்ளைகள் கேட்கும் பொருள், உறவினருக்கு வர்க்கி, தைலம்: ரூ.2,000
எதிர்பாராத செலவு: ரூ.3,000
மொத்தம்: ரூ.40,000

இதை ஏப்ரல் கடைசியில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். முந்தைய ஜூலையிலிருந்தே பார்த்தால், பத்து மாதம், மாதம் 4,000 ரூபாய். மாதம் 4,000 முடியாது, 1,500தான் முடியும் என்றால் உங்கள் பயணம் 15,000 ரூபாய்ப் பயணம். அதற்கேற்ற ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஊரை முடிவு செய்துவிட்டுப் பணத்தைத் தேடுவதால்தான் வீடுகளில் சிக்கல் வருகிறது. பணத்தைப் பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்யுங்கள்.

இந்தத் தாளை மனைவியையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து எழுதுங்கள். "அத்தா, அந்தப் படகு வேண்டாம், ரயில் போதும்" என்று பிள்ளையே சொல்லும். கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளாமலும், முழுவதுமாக விரித்துவிடாமலும் இருக்க வேண்டும் என்ற குர்ஆனின் பாடத்தை (17:29) பிள்ளை அங்கேதான் படிக்கிறது.

கடன் வாங்கிச் சுற்றுலா

சகோதரர்களே, இன்று செல்போனைத் திறந்தால் "இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்" என்று கடன் கூப்பிடுகிறது. சிலர் மனைவியின் நகையை அடகு வைத்துப் போகிறார்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் 40,000 ரூபாய்க்கு மாதம் 800 ரூபாய். பத்து மாதத்தில் 8,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். நஷ்டத்தை விடுங்கள், வட்டியைக் கைவிடாதவர்களுக்கு எதிராக அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் போர் அறிவித்திருக்கிறார்கள் (2:279). மூன்று நாள் குளிர் காற்றுக்காக அந்தப் போரை விலைக்கு வாங்கலாமா?

வட்டியில்லாமல் நண்பரிடம் வாங்கினாலும் யோசிக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகம் பாதுகாப்புத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மாறுவான் என்ற கருத்தில் பதிலளித்தார்கள் (புகாரி 832). மருத்துவத்துக்காக வாங்கிய கடனுக்கு ஊரே இரங்கும். ஊட்டிக்குப் போய்வந்த கடனைக் கேட்டு ஒருவர் வாசலில் நிற்கும்போது, "அத்தா வீட்டில் இல்லை" என்று சொல்லப் போவது அந்தப் பயணத்தில் சிரித்து விளையாடிய அதே பிள்ளைதான்.

செலவைக் குறைக்கும் வழிகள்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழி (திர்மிதி 2517) நாம் அறிந்ததே. இன்றைய பயணத்தில் ஒட்டகத்தைக் கட்டுவது என்றால் இவைதான்:

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாள் இருந்தது. மே முதல் தேதிப் பயணத்துக்கு மார்ச் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும். 5 வயது முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். அதையும் கணக்கில் சேருங்கள்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் செல்வோருக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரலில் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கிளம்பும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறைக்கு முன்பணம் கட்டிவிட்டு மலையடிவாரத்தில் நிற்க வேண்டாம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனால் காசும் மிச்சம்.

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போனால், மூவர் பயணம் போனாலே ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளும் சுன்னத்தைக் கடைப்பிடியுங்கள் (அபூதாவூத் 2608). பணப்பை ஒருவரிடம் இருக்கட்டும். யார் எவ்வளவு போடுவது என்பதை முன்பே எழுதிவிடுங்கள். "நான்தான் அதிகம் போட்டேன்" என்ற பேச்சு பல வருட உறவை வண்டியிலேயே முறித்துவிடும்.

கை சுருங்கியிருக்கும் வருடத்தில்

எல்லா வருடமும் மலைக்குப் போக முடியாது. பக்கத்து வீட்டார் போட்ட ஸ்டேட்டஸ் நம் பட்ஜெட்டை முடிவு செய்ய வேண்டாம். முன் சென்றவர்களின் முடிவைப் பார்த்துப் பாடம் பெறத்தான் குர்ஆன் பல இடங்களில் பயணம் போகச் சொல்கிறது. ரோமாபுரியோடு வணிகம் செய்த அரிக்கமேடு நமக்கு அருகில்தான். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். மரங்கள் கல்லாகிக் கிடக்கும் திருவக்கரை, 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டை எல்லாம் காலையில் போய் இரவு திரும்பும் தூரம். புளிச்சோறும் முட்டையும் கட்டிக்கொண்டு போங்கள். கோட்டை கட்டியவர்கள் எங்கே என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

இல்லையென்றால் நன்னி வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். உறவைச் சேர்ந்து வாழ்வது ரிஸ்கை விரிவாக்கும் என்பது நபிமொழி (புகாரி 5986). ஒரு பை பழத்தோடு போகும் அந்தப் பயணத்தால் நமக்குக் கடனும் இல்லை.

இறுதியாக இரண்டு விஷயங்கள். பயணத்தில் தொழுகையைச் சுருக்கச் சலுகை உண்டு, விட்டுவிடச் சலுகை இல்லை. சுருக்கும் முறையை உங்கள் மத்ஹபின்படி இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து, பயணம் ஊணையும் உறக்கத்தையும் தடுக்கும் ஒரு வேதனை, வேலை முடிந்ததும் விரைந்து வீடு திரும்புங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் (புகாரி 1804). திரும்பி வரும் வீட்டில் அரிசியும், பால்காரருக்குக் கொடுக்கக் காசும், ஜூன் மாதக் கட்டணமும் இருக்க வேண்டும். எனவே அந்தத் தாளின் கடைசி வரியாக, வந்த பிறகான பத்து நாள் செலவையும் எழுதுங்கள். அதைத் தனி உறையில் போட்டு, பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வருமானத்தில் பரக்கத்தைத் தருவாயாக! வீண்விரயத்தை விட்டும், கஞ்சத்தனத்தை விட்டும், கடனின் இழிவை விட்டும் எங்களைக் காப்பாயாக! எங்கள் குடும்பங்களை மகிழ்ச்சியோடு அனுப்பி, நலமோடு வீடு சேர்ப்பாயாக! ஆமீன்.