ரிப்பன் சொல்லும் சேதி



தினமும் ரெட்டை ஜடை பின்னி, மடிச்சு, ரிப்பன் கட்டிக்கிட்டு வர்றோம். சும்மா ஒரு துணிதானேன்னு நானும் நினைச்சேன். ஆனால் அதற்கு 2000 வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது.

நம்ம ஊர் அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் என்பவர் தோண்டிப் பார்த்தார். ரோமானியர்களின் ஜாடித் துண்டுகள் கிடைத்தன. அவ்வளவு தூரத்திலிருந்து கப்பலில் நம்ம ஆற்றங்கரைக்கு வந்த சரக்கு! அந்தக் காலத்தில் போட்டோ ஏது? சிலையும் நாணயமும்தான் போட்டோ. அவற்றில் பெண்களின் தலையைப் பாருங்கள்.

1. ராணியின் ரிப்பன்: கி.மு. 30-ல் இறந்த எகிப்து ராணி கிளியோபாட்ராவின் நாணயங்களில், தலையைச் சுற்றி ஒரு பட்டைத் துணி தெரியும். அதன் பெயர் டயடம். கிரேக்க அரசர்களும் அதைக் கட்டினார்கள். அர்த்தம்: 'ஆளுவது நான்.'

2. மனைவியின் ரிப்பன்: ரோமில் கல்யாணமான பெண்கள் கம்பளி நூல் ரிப்பன் கட்டினார்கள். பெயர் வித்தா. அர்த்தம்: 'மதிப்பான குடும்பப் பெண்.' நம்ம ஊர்ல தாலி, மெட்டி மாதிரி.

3. பூசாரியின் ரிப்பன்: வெஸ்டா என்ற தெய்வத்தின் கோயில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள ஆறு பெண்கள். 6 முதல் 10 வயதுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். 30 வருடம் கல்யாணம் கிடையாது. அவர்கள் சிலைகளின் தலையிலும் ரிப்பன் சுற்றியிருக்கும்.

ஆக, ரிப்பனைப் பார்த்தாலே அவள் யார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆறு வயசுக் குழந்தையிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா?

இப்போ நம்ம ரிப்பன். எங்க அம்மாவின் சின்ன வயசு போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் வீட்டில் இருக்கு. எட்டாம் வகுப்பு குரூப் போட்டோ. இரண்டாவது வரிசையில் ரெட்டை ஜடை, ரிப்பனோடு சிரிக்கிறாங்க. அடுத்த வருஷம் தம்பியைப் பார்த்துக்கணும்னு படிப்பை நிறுத்திட்டாங்க. "அப்புறம் ரிப்பனே கட்டல" என்று அம்மா சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. எனக்கு தினமும் ஜடை பின்னி விடுவது அவங்கதான்.

நம்ம ரிப்பனுக்கு அர்த்தம்: 'நான் படிக்கிறேன்.' பணக்கார வீட்டுப் பெண்ணுக்கும் ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் ஒரே ரிப்பன்தான். தோழிகளே, பன்னிரண்டாவது முடிக்கும்வரை அதை யாரும் அவிழ்க்க விடாதீங்க. தோழர்களே, உங்க அக்கா தங்கச்சி ரிப்பனுக்கு நீங்களும் காவல்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, அரியாங்குப்பம்