சுல்தானாவின் கனவு: மாயமா, விஞ்ஞானமா?

பாடப் புத்தகத்தை வைத்துவிட்டு மாயாஜாலக் கதையும் விஞ்ஞானக் கதையும் என்ன வாசிப்பு என்று வீட்டில் கேட்பார்கள். எனக்கோ இரண்டும் கலந்த கதைதான் பிடிக்கும். வங்காளத்து ரொக்கையா பேகம் 1905 இல் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ அப்படியொன்று. சென்னையிலிருந்து வந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் சஞ்சிகையில் அது வெளியாயிற்று.

கதைசொல்லி கனவில் ஒரு பெண்கள் நாட்டுக்குப் போகிறாள். அங்கே ஆண்கள் வீட்டினுள் இருக்க, பெண்கள் ஆட்சி நடத்துகிறார்கள். இதுவரை மாயாஜாலம். ஆனால் அந்நாட்டுப் பல்கலைக்கழகமொன்று பலூன் மூலம் மேகத்திலிருந்தே நீரை எடுக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. சமையலறையில் கரியில்லை, புகையில்லை. படையெடுத்து வந்த பகைவரை விரட்டுவதும் அதே வெப்பந்தான். பறக்கும் வண்டியும் உண்டு. என் மனம் என்னவோ புகையில்லாச் சமையலறையில்தான் நின்றது. உம்மாவிடம் சொன்னேன், அவரும் அதையே தெரிவு செய்தார்.

எல்லாம் கனவாக முடிவது முதல் வாசிப்பில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகுதான் ஆசிரியையின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். ரொக்கையா பள்ளிக்கூடம் போனவரல்லர். மூத்த சகோதரரிடம் வீட்டிலேயே ஆங்கிலம் கற்றவர். 1911 இல் கல்கத்தாவில் 8 மாணவிகளோடு ஒரு பெண்கள் பாடசாலையைத் தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டார்.