அப்பா வண்டிக்கு அடுத்த வண்டி எது? ஸ்பெக் ஷீட்டைத் தூத்துக்குடி ரோட்டுல வெச்சுப் படிப்போம்

எங்க அப்பாவோட வண்டி 2011 மாடல். 150 சிசி, கார்புரேட்டர், முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், ஏ.பி.எஸ். கிடையாது. கம்பெனி பேர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்ல. அப்பாவுக்கு ஹார்பர்ல ஷிஃப்ட் வேலை. பதினாலு வருசமா அதே வண்டி, அதே ரோடு.

போன மழை சீசன்ல ஒருநாள் ஹார்பர் ரோட்டுல முன்னாடி போன டிரெய்லர் திடீர்னு பிரேக் அடிச்சிருக்கு. அப்பாவும் அடிச்சிருக்கார். பின் வீல் லாக் ஆகி, வண்டி சறுக்கி, ஆள் கீழ. முழங்கையில தோல் போனதோட தப்பிச்சார். வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு நாள் முழுக்கைச் சட்டை போட்டுட்டே இருந்தார். அம்மா துவைக்க எடுத்தப்பதான் ரத்தக்கறையைப் பாத்தாங்க.

அன்னைக்கு ராத்திரியே "வண்டிய மாத்திருவோம்"னு முடிவாச்சு. எந்த வண்டிங்கிறத பாக்குற பொறுப்பு என்கிட்ட வந்துச்சு, மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிறேன்ல. உண்மையச் சொன்னா, நான் அதுக்கு முன்னாடியே மூணு மாசமா யூடியூப்ல ட்ரையம்ப் ஸ்பீடு 400 வீடியோவா பாத்துட்டு இருந்தேன். அங்க இருந்து நான் எப்படி வேற முடிவுக்கு வந்தேன்கிறதுதான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டுலயும் ஒரு பழைய வண்டி நிக்கும். அதுக்கு உதவும்னு நினைக்கிறேன்.

1. முதல்ல, மாத்தணுமா?

பதினஞ்சு வருசம் ஆனா வண்டிய ஓட்டக்கூடாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. ஆர்.சி.க்கு 15 வருசம் வேலிடிட்டி. அதுக்கப்புறம் இன்ஸ்பெக்‌ஷன் முடிச்சு அஞ்சு வருசத்துக்குப் புதுப்பிக்கலாம். அதனால ஆர்.சி. முடியுறது மட்டுமே காரணம் ஆகாது. வேற மூணு விஷயம் பாக்கணும்.

ஒண்ணு, ஃபிரேம். இன்ஜினைப் பிரிச்சு ரீபோர் பண்ணலாம், கிளட்ச் மாத்தலாம். ஃபிரேம் உள்ளுக்குள்ள அரிச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. எங்க மெக்கானிக் அண்ணாச்சி சீட்டைத் தூக்கிட்டு, ஸ்குரூ டிரைவர் பிடியால பின்பக்க ஃபிரேமைத் தட்டினார். "அப்பளம் மாதிரி உதிருது பாருங்க தம்பி"ன்னார். நிஜமாவே உதிர்ந்துச்சு.

ரெண்டு, பெட்ரோல். இப்ப பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டியோட ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் அதுக்காக டிசைன் பண்ணினது இல்ல. எத்தனால்ல ஒரு லிட்டருக்கான எனர்ஜி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. அதனால 20 சதவீதம் கலந்தா மொத்த எனர்ஜி சுமார் 7 சதவீதம் குறையும். "மைலேஜ் விழுந்துருச்சுல"ன்னு அப்பா சொன்னதுக்குப் பாதிக் காரணம் இதுவா இருக்கலாம்.

மூணு, பிரேக். 125 சிசிக்கு மேல உள்ள வண்டிகள்ல ஏ.பி.எஸ். கட்டாயம்னு சட்டம் வந்துச்சு. புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல், ஏற்கனவே விக்கிற மாடல்களுக்கு 2019 ஏப்ரல். அதுக்கு முந்தின வண்டியில அதைப் பின்னால சேர்க்கிறது நடக்குற காரியம் இல்ல.

எங்க வண்டி மூணுலயும் ஃபெயில். உங்க வண்டி ஃபிரேம்ல பாஸ் ஆனா, அவசரப்படாதீங்க. கார்புரேட்டர் கிட், செயின் செட், டயர், பிரேக் ஷூ மாத்தி இன்னும் ரெண்டு மூணு வருசம் ஓட்டலாம்.

2. முத்து இல்ல, உப்பு

நம்ம ஊருக்கு முத்துநகர்னு பேரு. ஆனா வண்டிக்கு வந்து சேர்றது உப்புதான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம்.

இதுல ஒரு கெமிஸ்ட்ரி இருக்கு. காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே ஈரத்தை உறிஞ்சி உப்புக்கரைசலா மாறிடும். அதாவது மழை பெய்யாமலேயே, ராத்திரி நிறுத்தி வெச்ச வண்டி மேல மெல்லிசா ஒரு உப்புத்தண்ணிப் படலம் நிக்கும். அதுல இருக்குற குளோரைடு பெயின்ட் கீறல் வழியா, வெல்டிங் ஓரம் வழியா உள்ள போய் இரும்பைத் தின்னும். அலுமினியம் கேஸிங்ல ஸ்டீல் போல்ட் மாட்டியிருக்குற இடத்துல உப்புத்தண்ணி பட்டா அதுவே ஒரு குட்டி பேட்டரி மாதிரி ஆகி, அலுமினியம் வெள்ளைப் பொடியா அரிக்கும். நாம செகண்ட் இயர்ல படிச்ச கால்வனிக் கரோஷன்தான்.

அதனால ஷோரூம்ல கலரைப் பாக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க:

ஸ்போக் வீலா, அலாய் வீலா? குரோம் ரிம்மும் ஸ்போக் முனையும் கடலோரத்துல சீக்கிரம் துருப்பிடிக்கும். அலாய்ல பராமரிப்பு கம்மி, டியூப்லெஸ் டயரும் வரும்.

குரோம் எவ்வளவு, பெயின்ட் எவ்வளவு? மின்னுற பாகம் அதிகமா இருந்தா தேய்க்கிற வேலையும் அதிகம்.

வயரிங் கனெக்டர் எங்க இருக்கு? சீட்டுக்கு அடியில மூடி இருந்தா நல்லது. வெளிய தொங்கினா பச்சை பூத்துரும்.

இன்னொண்ணு, இதுக்குக் காசு கிடையாது. வீட்டு போர் தண்ணியில வண்டி கழுவாதீங்க. நம்ம ஊர்ல பல தெருவுல போர் தண்ணியே உப்பு. கழுவுறோம்னு நினைச்சுட்டு உப்பைத் தடவிட்டு இருக்கோம். எங்க வீட்டுல பதினாலு வருசமா இதைத்தான் செஞ்சிருக்கோம். கடைசியா ரெண்டு பக்கெட் தாமிரபரணித் தண்ணி ஊத்தி, துணியால துடைச்சிருந்தா அந்த ஃபிரேம் இன்னும் கொஞ்ச நாள் நின்னிருக்கும்.

3. சிசி மட்டும் பாக்காதீங்க

நான் எடுத்த நாலு வண்டி, கம்பெனி தர்ற நம்பரோட:

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350: 20.2 பி.எச்.பி., 4000 ஆர்.பி.எம்.ல 27 நியூட்டன் மீட்டர் டார்க், 195 கிலோ.
டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். 160 4வி: 17.55 பி.எஸ்., 14.73 நியூட்டன் மீட்டர், சுமார் 146 கிலோ.
பஜாஜ் பல்சர் என்160: 16 பி.எஸ்., 14.65 நியூட்டன் மீட்டர், சுமார் 154 கிலோ.
யமஹா எஃப்.இசட்.-எஸ்: 12.4 பி.எஸ்., 5500 ஆர்.பி.எம்.ல 13.3 நியூட்டன் மீட்டர், சுமார் 136 கிலோ.

வண்டி தனியா ஓடாது. அப்பா 75 கிலோ, அம்மா 60 கிலோ. மொத்தம் 135 கிலோவைச் சேர்த்து, ஒரு டன்னுக்கு எத்தனை பி.எஸ்.னு போடுங்க. 20.2 பி.எச்.பி. சுமார் 20.5 பி.எஸ். கிளாசிக்குக்கு 62 வருது. அப்பாச்சிக்கும் 62! என்160க்கு 55, எஃப்.இசட்.டுக்கு 46. அதாவது ரெண்டு பேர் ஏறினதுக்கு அப்புறம், உச்ச பவர்ல 350ம் 160ம் ஒண்ணுதான். ஸ்பெக் ஷீட்ல இது எங்கயும் எழுதியிருக்காது.

அப்ப 350ல என்ன விசேஷம்? பவர்ங்கிறது டார்க்கையும் சுழல் வேகத்தையும் பெருக்கினா வர்றது. 4000 ஆர்.பி.எம்.னா வினாடிக்கு 419 ரேடியன். கிளாசிக் அங்க 27 × 419, அதாவது 11.3 கிலோவாட், சுமார் 15 பி.எஸ். தருது. அதே 4000ல அப்பாச்சி தன்னோட முழு டார்க்கையும் தந்தாக்கூட (தராது) 8.4 பி.எஸ். தான். டிரெய்லர் லைனுக்குப் பின்னாடி ஊர்ந்துட்டு, இடம் கிடைச்சதும் கியர் மாத்தாம தாண்டிப் போற சுகம் 350ல இருக்கு. 160ல ஒரு கியர் கீழ போட்டு இன்ஜினை மேல இழுக்கணும். வேலை நடக்கும், ஆனா கால் வேலை செய்யணும்.

இங்க நான் 350 பக்கம் சாய்ஞ்சுட்டேன்னு ஒத்துக்குறேன்.

4. நாலு கன்டெய்னர் தூரம்

பிரேக்கிங் தூரத்துக்கு ஃபார்முலா எல்லாருக்கும் தெரியும். வேகத்தோட வர்க்கத்தை, 2 × உராய்வுக் குணகம் × 9.81 ஆல வகுக்கணும்.

60 கி.மீ. வேகம்னா வினாடிக்கு 16.7 மீட்டர். கண்ணு பாத்து கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடின்னு வெச்சா, அதுலயே 16.7 மீட்டர் போயிரும். காய்ஞ்ச ரோட்டுல குணகம் 0.7னு எடுத்தா இன்னும் 20 மீட்டர். மொத்தம் 37. நனைஞ்ச ரோட்டுல 0.4னு எடுத்தா 35 மீட்டர், மொத்தம் 52. ஒரு 40 அடி கன்டெய்னர் நீளம் 12.2 மீட்டர். நாலு கன்டெய்னரை வரிசையா வெச்சாலும் பத்தாது. நம்ம ஆளுங்க டிரெய்லருக்குப் பின்னாடி எவ்வளவு இடம் விடுறாங்கன்னு நாளைக்குக் காலையில எண்ணிப் பாருங்க.

அதே நனைஞ்ச ரோட்டுல 40ல போனா மொத்தம் 27 மீட்டர்தான். எந்த வண்டி வாங்கினாலும் இது ஃப்ரீயா கிடைக்கிற அப்கிரேடு.

இந்தக் கணக்குல வண்டியோட எடை எங்கயும் வரல, கவனிங்க. கனமான வண்டி சீக்கிரம் நிக்கும்ங்கிறது நம்பிக்கை மட்டும்தான். ஏ.பி.எஸ். கூட தூரத்தைப் பெருசா குறைக்கிறதுக்காக இல்ல. வீல் லாக் ஆகாம பாத்துக்கும், அதனால நீங்க ஹேண்டிலைத் திருப்பி ஒதுங்க முடியும், வண்டி சாயாது.

அதுல ரெண்டு வகை. சிங்கிள் சேனல்னா முன் வீலுக்கு மட்டும். டூயல் சேனல்னா ரெண்டுக்கும். சட்டத்துக்கு சிங்கிளே போதும். ஆனா அப்பா விழுந்தப்ப லாக் ஆனது எந்த வீல்? பின் வீல். நான் ஆசை ஆசையா டார்க் கணக்குப் போட்டுட்டு இருந்தேன். எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய ஒரே விஷயம் இதுதான்.

5. காசுக் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் உள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28ல இருந்து 18 சதவீதம் ஆச்சு. 350ஐத் தாண்டினா 40. என்னோட 398 சிசி கனவு அங்கயே முடிஞ்சுது.

லோன் எடுக்கிறீங்கன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஃபிளாட் ரேட்டா, ரெட்யூசிங்கா?" ஒரு லட்சம், 10 சதவீதம், 36 மாசம். ரெட்யூசிங்னா மாசம் சுமார் 3,226 ரூபாய். ஃபிளாட்னா சுமார் 3,611. ரெண்டுலயும் "10 சதவீதம்"னுதான் சொல்லுவாங்க. ஆனா அந்த ஃபிளாட் 10, ரெட்யூசிங் கணக்குல கிட்டத்தட்ட 18.

செகண்ட் ஹேண்ட் பாக்குறவங்க 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.-6 வண்டியாப் பாருங்க. இந்த கிளாஸ்ல அது ஃபியூல் இன்ஜெக்‌ஷனாத்தான் இருக்கும். காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. நடு ஸ்டாண்டு மாட்டியிருக்குற இடம், ஸ்விங் ஆர்ம் போல்ட், சீட்டுக்கு அடி, இந்த மூணுலயும் டார்ச் அடிச்சுப் பாருங்க. புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சிருந்தா ஏன்னு கேளுங்க.

6. எங்க வீட்டு முடிவு

அப்பாவை ரெண்டு டெஸ்ட் ரைடு கூட்டிட்டுப் போனேன். முதல்ல கிளாசிக். ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, முகத்துலயே தெரிஞ்சுது. இறங்கினதும் அதைப் பின்னாடி தள்ளிப் பாத்தார். ரெண்டு தடவை தள்ளினார். எங்க வீட்டுச் சந்துல வண்டிய தினமும் ரிவர்ஸ்லதான் ஏத்தணும். "ஏல, வண்டி நல்லாத்தான் இருக்கு. காலையில நாலரை மணிக்கு இதைத் தள்ளுறது யாரு, நீயா?"ன்னார்.

நான் பதில் சொல்லல. எனக்கு சென்னையில பிளேஸ்மென்ட் ஆயிருக்கு. இந்த வண்டிய நான் ஓட்டப்போறது வருசத்துக்கு இருபது நாள் இருந்தா அதிகம்.

அடுத்தது டூயல் சேனல் உள்ள என்160. ஷோரூம்ல தெருமுனை வரைக்கும் போயிட்டு வரச் சொன்னாங்க. அப்பா அவங்ககிட்ட கேட்டுட்டு ஹார்பர் ரோடு வரைக்கும் எடுத்துட்டுப் போயிட்டார். பின்னாடி நான். ஆளில்லாத இடமாப் பாத்து, 40ல போய், ரெண்டு பிரேக்கையும் அழுத்தமாப் பிடிச்சார். லீவர் கையில அதிர்ந்துச்சு, வண்டி நேரா நின்னுச்சு. "சரி, இதைச் சொல்லிரு"ன்னார். டார்க் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

உங்களுக்கு வேற வண்டி சரியா வரலாம். வீட்டு வாசல் அகலமா இருந்து, வாரம் ஒருதடவை திருச்செந்தூரோ திருநெல்வேலியோ போறவருன்னா 350 நல்ல வண்டி. டவுனுக்குள்ள மட்டும்தான்னா எஃப்.இசட். மாதிரி லேசான வண்டியே போதும்.

ஆனா ஸ்பெக் ஷீட்டைத் திறக்குறதுக்கு முன்னாடி, அந்த வண்டிய தினமும் ஓட்டப்போறவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டுருங்க: "கடைசியா எப்ப சறுக்குச்சு, எந்த ரோட்டுல, எந்த வீல்?" நேராக் கேட்டாத்தான் சொல்லுவாங்க. நான் அம்மா சட்டையைப் பாத்ததுக்கு அப்புறம்தான் கேட்டேன்.

கணக்குல சந்தேகம்னா மெக் பிளாக் பக்கம் வாங்க. மே மாசம் வரைக்கும் அங்கதான் இருப்பேன்.